ஐந்தாவது அட்மிஷன்

போன ஞாயிறு காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது.

திறந்தால் மூன்றாவது மாடி சங்கீதா. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் கல்லூரி ஐடி கார்டு, தோளில் கனமான பை. பைக்குள்ளிருந்து வழவழ தாளில் அச்சடித்த நோட்டீஸ்கள் எட்டிப் பார்த்தன.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். என்கூட ஒரு வீட்டுக்கு வரணும்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். அட்மிஷன் பிடிக்க என்றாள்.

எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்ஸில் எல்லோருக்கும் சங்கீதாவைத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவள் டாக்டர் சங்கீதா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இயற்பியலில் பிஎச்.டி. மெல்லிய படலங்கள் பற்றி ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். எதன் மேல் படலம், எதற்காகப் படலம் என்று எனக்கு நாலைந்து முறை விளக்கியிருக்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். விடிந்தும் விடியாமலும் காலேஜ் பஸ் பிடித்துப் போனால், விளக்கு வைத்தபிறகுதான் திரும்பி வருவாள்.

பேராசிரியர் என்றால் நம் ஆட்கள் மனதில் ஒரே ஒரு படம்தான். கை நிறையச் சம்பளம், கோடைக்கு நீண்ட லீவு, ரிட்டயர் ஆனால் பென்ஷன். அரசுக் கல்லூரியில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு அந்தப் படம் ஓரளவு பொருந்தும். சங்கீதா மாதிரி சுயநிதிக் கல்லூரி ஆட்களுக்கு? அதே டிகிரி, அதே பாடம், அதே சாக்பீஸ்... சம்பளம் மட்டும் வேறு.

எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. அவளே யாரிடமும் சொல்வதில்லை. தி.நகரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் டியூஷன் எடுக்கும் ஒரு சென்டரில் அதைவிட அதிகம் தருகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே பிஎச்.டி. கேட்பதும் இல்லையாம்.

பிறகு ஏன் அங்கே போகவில்லை? நானும் கேட்டிருக்கிறேன். "அங்கேயும் பாடம்தான் ஆன்ட்டி. ஆனா ப்ரொஃபஸர்னு யாரும் கூப்பிட மாட்டாங்களே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு வருஷத்தைக் கொடுத்தவள். அவளிடம் நான் என்ன புத்தி சொல்ல?

எங்கள் ஃப்ளாட் சங்கத்துக்கு இதெல்லாம் தெரியாது. லிஃப்ட் பழுதாகி எல்லோரும் பங்கு போடவேண்டி வந்தபோது, "ப்ரொஃபஸர் மேடம் கொஞ்சம் கூடுதலா போடலாமே" என்று செக்ரெட்டரி சிரித்துக்கொண்டே கேட்டார். சங்கீதாவும் சிரித்துக்கொண்டே, பார்க்கிறேன் சார் என்றாள். அன்றைக்கு அவள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, அட்மிஷன் விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் வந்தால் இந்தக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், பிள்ளைகளைப் பிடித்து வரவேண்டும். ஆளுக்கு இத்தனை என்று டார்கெட். சங்கீதாவுக்கு ஐந்து. அதுவும் இயற்பியல் துறைக்கு. எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று ஓடுகிற காலத்தில், நியூட்டனுக்கு ஆள் சேர்ப்பது லேசான காரியமா?

ஆனாலும் நான்கு பேரைப் பிடித்துவிட்டாள். ஒருவன், அவள் கணவரின் அத்தை பேரன். ஒருத்தி, தெற்கு மாட வீதியில் பூ விற்கிற அம்மாவின் அண்ணன் மகள். மூன்றாவது, பல் டாக்டர் கிளினிக்கில் பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். நான்காவது, எங்கள் லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவரின் தங்கை மகன். லிஃப்டால் எங்கள் கட்டிடத்தில் லாபம் அடைந்த ஒரே ஆள் சங்கீதாதான்.

ஐந்தாவது கிடைக்கவில்லை. புதன்கிழமை கணக்கு முடிக்கிறார்கள். ஐந்து வந்தால் ஜூனில் வேலை புதுப்பிக்கப்படும். வராவிட்டால் பிரின்சிபால் "பார்க்கலாம்" என்பார். போன வருஷம் இரண்டு பேரிடம் அப்படிச் சொன்னாராம். ஜூனில் காலேஜ் பஸ் வந்தபோது அந்த இரண்டு பேரும் அதில் இல்லை.

"யார் வீட்டுக்குப் போறோம்?" என்றேன்.

முருகேசன் வீட்டுக்கு என்றாள். எங்கள் காம்பவுண்ட் சுவரை ஒட்டி இஸ்திரி வண்டி போட்டிருக்கும் முருகேசனை உங்களுக்குத் தெரியாது. இந்தத் தெருவில் கசங்காமல் நடமாடுகிற எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். வீடு சைதாப்பேட்டையில். அவருடைய மகள் நிவேதா ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். ஃபிசிக்ஸில் நல்ல மார்க்.

"நீங்க சொன்னா முருகேசன் கேப்பார் ஆன்ட்டி. அதுவும் இல்லாம, நீங்க ஃபேமஸ் ஆச்சே. நீங்க பக்கத்துல இருந்தா ஒரு நம்பிக்கை வரும்."

முதல் காரணம் நியாயமானது. நான் விழுந்தது இரண்டாவதில். இட்லியைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். "கூட்டிட்டுப் போற ஆளையே பேசி மடக்கிட்டா. நல்ல ப்ரொஃபஸர்தான்" என்றார் அவர், அடுப்பைப் பார்த்தபடி.

ஆட்டோ ஏறினோம். நந்தனம் சிக்னலில் நின்றபோது, சங்கீதா மெதுவாக முன்னால் சாய்ந்து, அண்ணா உங்க வீட்ல ப்ளஸ் டூ யாராவது உண்டா என்று ஆரம்பித்தாள்.

ஆட்டோக்காரர் திரும்பக்கூட இல்லை. "இந்த வாரத்துல நீங்க மூணாவது ப்ரொபசரு மேடம். எம் பொண்ணு ஏயாவது படிக்குது. அதுக்கே ஒருத்தர் நோட்டீஸ் குட்த்துட்டு போய்க்கீறாரு" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இவங்களும் ப்ரொபசரா?" என்று கேட்டார்.

ஃபேமஸ் என்று சொன்னாளே... அந்த நினைப்பு அங்கேயே கொஞ்சம் இறங்கியது. பத்திரிகையில் என் பத்தியோடு வரும் போட்டோ பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. ஆட்டோக்காரரைக் குறை சொல்ல முடியாது.

முருகேசன் வீடு ஹவுசிங் போர்டு கட்டிடத்தில் இரண்டாவது மாடி. படியேறிப் போனால், வாசலில் ரப்பர் செருப்புகளுக்கு நடுவே பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி கறுப்பு ஷூ. உள்ளே, வீட்டின் ஒரே நாற்காலியில், கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி அவர் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மடியில் வழவழ தாள் நோட்டீஸ்கள். வேறு நிறம், வேறு கல்லூரி.

முருகேசன் எங்களைப் பார்த்ததும் தவித்துப்போனார். வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "இன்னா மேடம் பண்றது, காலைலயே வந்துட்டாரு. வயசானவரு. வாசல்ல நிக்கவச்சே அனுப்ப முடியுமா?" என்றார்.

போட்டிக்கு ஆள் வந்தாயிற்று, நாமும் பேசிப் பார்ப்போம் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் சங்கீதா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தோள் பை இறங்கிக் கைக்கு வந்துவிட்டது. முதுகு நேராகிவிட்டது.

"குட் மார்னிங் சார்" என்றாள்.

அவர்தான் பேராசிரியர் ராமலிங்கம். அவளுடைய பிஎச்.டி. கைடு.

கைடு என்றால் என்ன என்று ஆராய்ச்சி செய்யாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்குச் சங்கீதாவைப் பார்த்துத்தான் தெரியும். ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் டாக்டர். போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்... அதனால் ஆராய்ச்சி மாணவர்கள் கைடு முன்னால் உட்காருவதில்லை. அவர் பையைத் தூக்குவார்கள். அவர் திருத்தவேண்டிய விடைத்தாளைத் திருத்துவார்கள், ரயில் டிக்கெட் எடுப்பார்கள், வீட்டு கேஸ் சிலிண்டருக்காகக்கூடக் காத்திருப்பார்கள். முக்கியமாக, அவர் எது சொன்னாலும் "ஆமா சார்" என்பார்கள். பட்டம் வாங்கி ஆறு வருஷம் ஆகியும், அவரிடமிருந்து போன் வந்தால் சங்கீதா எழுந்து நின்றுதான் பேசுவாள். சமைத்துக்கொண்டிருந்தால் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு நிற்பாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"அட, சங்கீதா. வாம்மா வாம்மா" என்றார் அவர். முருகேசன் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார், உட்கார்ந்தேன். சங்கீதாவுக்குப் பாய் விரித்தார். அவள் உட்காரவில்லை.

பெரியவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். "நல்ல நேரத்துல வந்தே. இவருக்கு ஒரு சந்தேகம். நம்ம காலேஜ்ல லேப் எப்படி இருக்கும்னு கேக்கறார். நீயே சொல்லேன்" என்றார்.

நம்ம காலேஜ் என்று அவர் சொன்னது, அவர் இப்போது இருக்கும் கல்லூரியை. சங்கீதா அதன் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை.

"ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்றாள் சங்கீதா.

பஸ் சைதாப்பேட்டை வழியாகத்தானே வருகிறது என்று கேட்டார். ஆமா சார் என்றாள். படிப்பு முடிந்ததும் வேலைக்கும் அவர்களே ஏற்பாடு செய்துவிடுகிறார்கள் இல்லையா என்று கேட்டார். ஆமா சார் என்றாள். நான் இருமினேன். அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தேன். பலனில்லை. பழைய தறியில் நாடா போய் வருவது மாதிரி, அவர் கேட்கக் கேட்க இவளிடமிருந்து பதில் போய்க்கொண்டிருந்தது.

"இவங்க என்கிட்ட பிஎச்.டி. பண்ணவங்க" என்று பெரியவர் முருகேசனிடம் பெருமையாகச் சொன்னார்.

"எங்க மேடமே சொல்றாங்கன்னா அப்பால இன்னா சார். சேத்துடலாம்" என்றார் முருகேசன்.

சங்கீதாவின் ஐந்தாவது அட்மிஷன் என் கண் முன்னால் இன்னொரு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பி வைத்தது அவளேதான். அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில், ஸ்டூலோடு எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் என் பக்கம் திரும்பி, "நீங்க எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்.

நான் எழுதுகிறவள் என்றேன்.

"எந்த டிபார்ட்மென்ட்?" என்றார்.

உள்ளேயிருந்து நிவேதா எல்லோருக்கும் டீ கொண்டு வந்தாள். சங்கீதாவிடம் டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்று, அவள் கழுத்தில் தொங்கிய கார்டைப் படித்தாள்.

"மேடம், உங்க கார்டுல வேற காலேஜ் பேரு கீதே?"

முருகேசன் மகளை முறைத்தார். பெரியவர் பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் முறையாக அந்தக் கார்டைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"நீயும் அட்மிஷனுக்குத்தான் வந்தியா?"

"ஆமா சார்."

அன்றைக்கு அவள் சொன்ன "ஆமா சார்"களில் அது ஒன்றுதான் உண்மை.

எத்தனை டார்கெட் என்று கேட்டார். ஐந்து, ஒன்று குறைகிறது என்றாள். தனக்குப் பத்து என்றும் மூன்றுதான் வந்திருக்கிறது என்றும் அவர் சொன்னபோது குரல் உள்ளே போய்விட்டது.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. நீயே எடுத்துக்கோம்மா என்றார் அவர். ஐயோ வேணாம் சார், நீங்களே என்றாள் இவள். உனக்கு ஒன்றுதானே குறைகிறது என்றார். உங்களுக்கு ஏழு குறைகிறதே சார் என்றாள். ஹோட்டலில் பில் வந்ததும் நான் தரேன் நான் தரேன் என்று இழுப்பார்களே, அப்படி அந்தப் பெண்ணை ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முருகேசனுக்கு மனசு கேட்கவில்லை. "எனுக்கு ரெண்டு பொண்ணா இருந்திருந்தா ஆளுக்கு ஒண்ணா குட்த்திருப்பேன் சார்" என்றார். முழு மனதோடு சொன்னார்.

"இதுல என்னை யாரும் கேக்கலையே" என்றாள் நிவேதா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நியாயம்தானே?

"எனக்கு சங்கீதா மேடம் மாதிரி ப்ரொபசர் ஆவணும். சின்ன வயசுலேர்ந்து மேடம் புடவைய நான்தான் மூணாவது மாடிக்கு எடுத்துனு போறேன். அந்த மாதிரி கஞ்சி போட்ட புடவை கட்டிக்கினு காலைல பஸ் ஏறிப் போவணும். அவ்ளோதான் என் ஆசை. எங்க சேந்தா அது ஆவலாம்? அத மட்டும் சொல்லுங்க."

பெரியவர் நெகிழ்ந்துபோனார். எத்தனையோ வருஷம் வகுப்பில் நின்றவர் இல்லையா? "எங்கே சேர்ந்தாலும் ஆகலாம்மா. ஆர்வம்தான் முக்கியம். என்ன சங்கீதா?" என்று வழக்கம்போல் அவள் பக்கம் திரும்பினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரப்போகும் பதில்தான் தெரியுமே.

"இல்ல சார்."

கண்ணைத் திறந்தேன். சொன்னது சங்கீதாதான். நின்றபடியேதான் சொன்னாள்.

"எங்கே சேர்ந்தாலும் ஆக முடியாது சார்" என்றவள், பிறகு நிவேதாவிடம் பேசினாள். அரசுக் கல்லூரிக்கு அப்ளை பண்ணியிருக்கிறாயா என்று கேட்டாள். பண்ணியிருக்கிறேன், தனியாரில் பஸ் வருமே என்றுதான் அப்பா இதைப் பார்க்கிறார் என்றாள் நிவேதா.

"உன் மார்க்குக்கு அங்கேயே கிடைக்கும். அங்க சேரு. எங்க காலேஜ்ல ஜூன் மாசம் வந்தா யார் இருப்பாங்க, யார் போவாங்கன்னு தெரியாது. பாதி வருஷத்துல டீச்சர் மாறிட்டா நீ யார்கிட்ட போய் டவுட் கேப்ப? நீ எங்ககிட்ட சேர்ந்தா எனக்கு நல்லது. உனக்கு நல்லதில்ல."

பிறகு புடவையைத் தொட்டுக்காட்டினாள்.

"இன்னொண்ணு. இந்தப் புடவையெல்லாம் என் அம்மாவோடது. அவங்க கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். அவங்க சம்பளத்துல வாங்கினது. என் சம்பளத்துல நான் ஒண்ணுகூட வாங்கல. புடவையைப் பாத்து இந்த வேலைக்கு வராதே. வரணும்னா, பரீட்சை எழுதி கவர்மென்ட் வேலையாப் பாத்து வா."

முருகேசன் அந்தப் புடவையைப் பார்த்தார். அவர்தான் அந்தப் புடவைகளை இத்தனை வருஷமாகத் தேய்க்கிறவர். புதிதாக ஒரு புடவைகூட வராததைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஒரே கட்டிடத்தில் இருந்துகொண்டு, என்ன அழகான புடவை, எங்கே வாங்கினாய் என்று நானும்தான் எத்தனை முறை கேட்டிருப்பேன்?

பேராசிரியர் ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிஎச்.டி. வைவாவுலகூட நீ இவ்வளவு பேசினதில்லையேம்மா" என்றார். மடியில் இருந்த நோட்டீஸ்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "மேடம் சொன்னபடி செய்ம்மா" என்று நிவேதாவிடம் சொன்னார்.

படியிறங்கும்போது அவருடைய பை சங்கீதா கையில் இருந்தது. எப்போது வாங்கினாள் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டேஷன் பக்கத்தில் மூவரும் இன்னொரு டீ குடித்தோம். அவரும் கடைசிவரை தனியார் கல்லூரிதானாம். பென்ஷன் கிடையாது. இப்போது அவர் கார்டில் "டீன், மாணவர் சேர்க்கை மற்றும் வளர்ச்சி" என்று போட்டிருக்கிறது. இந்தக் கல்லூரிகளில் வயது ஏற ஏறப் பதவியின் பெயர் நீளும், சம்பளம் சுருங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இந்த வயதில் எதற்கு சார் இந்த அலைச்சல் என்று நான் கேட்டேன். "வீட்ல உக்காந்தா யாரும் சார்னு கூப்பிட மாட்டாங்களே" என்றார். எங்கேயோ கேட்ட பதில். சங்கீதா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கீதா வீட்டில் இருந்தேன். விடிந்தால் கணக்கு முடிகிற நாள். கையில் நான்குதான். காய்கறி விற்கிறவரிலிருந்து கொரியர் பையன்வரை எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டாள். நிவேதா இஸ்திரி போட்ட புடவைகளை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அரசுக் கல்லூரிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, "ஆனா எனக்கு இன்னும் ப்ரொபசர் ஆவணும்தான் மேடம்" என்றாள். எச்சரிக்கை செய்தால் கேட்கிற வயதா அது?

போன் அடித்தது. திரையில் "சார்". சங்கீதா எழுந்து நின்றாள். கை நிறையப் புடவை என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் இருக்கிறான், ஃபிசிக்ஸ்தான் வேண்டும் என்கிறான், அவனை உன் கல்லூரியில் சேர்த்துக்கொள், ஐந்து ஆகிவிடும் இல்லையா என்றார்.

எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல் இருந்தது. சங்கீதா புடவைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"உங்க காலேஜ்லயே சேக்கலையா சார்?"

"எங்க லேப் எப்படின்னு எனக்குத் தெரியும்மா" என்றார் அவர். பிறகு, பேரனுக்குத் தாத்தா கேட்கிற குரலில் கேட்டார். "உங்க காலேஜ்ல லேப் எப்படி?"

பதில் சுலபம். பழக்கமான பதில். முந்தாநாள்தான், பார்க்காத லேபுக்கே சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னால் ஜூனில் பஸ்ஸில் இடம் உண்டு. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிவேதாவைப் பார்த்தாள்.

"உங்க லேப் மாதிரியேதான் சார்" என்றாள்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு கிழவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

புதன்கிழமை சங்கீதா நான்கோடு போனாள். பிரின்சிபால் "பார்க்கலாம்" என்றார். அன்று இரவு அவள் வீட்டில் சமையல் இல்லை. நான்தான் தோசை வார்த்துக் கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, ஜூனில் வரச் சொல்லிவிட்டார்கள். இரக்கம் எல்லாம் இல்லை. அவள் துறையில் ஐந்தும் பிடித்த ஒருவர், தி.நகர் டியூஷன் சென்டரில் வேலை கிடைத்துவிட்டது என்று லெட்டர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பாடம் எடுக்க ஆள் வேண்டுமே. பிஎச்.டி. காப்பாற்றாத வேலையை ஆள் தட்டுப்பாடு காப்பாற்றிவிட்டது.

நேற்று அந்தப் பெரியவர் மறுபடி கூப்பிட்டாராம். பேரனுக்கும் நிவேதா சேரும் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கிறது. அங்கே லேப் எப்படிம்மா என்று கேட்டிருக்கிறார்.

சங்கீதா எழுந்து நின்றுதான் பதில் சொன்னாளாம்.

"போய்ப் பாத்துட்டு சொல்றேன் சார்."